பெரியம்மா இனி வரமாட்டாங்க

இன்று யாரைப் பிடித்து உட்காரவைத்துப் பேசினேன் தெரியுமா? லியென் பாவ்சூ அக்காவை. தைவானில், எங்கள் கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால், மீன் சந்தைக்குப் போகிற சந்தில் காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாரே, எண்பது வயதுத் தாத்தா வந்தாலும் "என்ன வேணும் அழகா?" என்று கேட்பாரே, அவரேதான். சனிக்கிழமை நாடகத்துக்குப் பிறகு பாதி ஊர் அவரைப் பற்றித்தான் பேசுகிறது. நாடகத்தில் நானும் இருந்தேன், ஆனாலும் முழுக் கதையையும் அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன். சிரித்துச் சிரித்துச் சோயாப்பால் மூக்கில் ஏறிவிட்டது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. போன வருஷம் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. முட்டை ரொட்டி சுடுகிற கல்லுக்கு முன்னால் நிற்கிறவர் என்பதால் முதலில் கல்லைத்தான் சந்தேகப்பட்டார். அடுத்து, கேஸைக் கூட்டிவைப்பது கணவர்தான் என்று சண்டை. கடைசியில் ஃப்ரீசரைத் திறந்து, ரொட்டிப் பொட்டலங்களுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. கணவர் ஆ-ஷூய் அதைப் பார்த்து, ஃப்ரீசரில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, ஓனரம்மா தலையை வெளியே எடுத்தால் போதும் என்றாராம்.

இந்தக் கதையைத்தான் அக்கா நாடகக் குழுவில் சொன்னார். சமூகக்கூடத்தின் மாடியில் எங்கள் பகுதிப் பெண்கள் கூடுகிறார்கள் இல்லையா, அந்தக் குழு. மாதவிலக்கு நின்றபோது தனக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொருத்தரும் சொல்வார்கள். அதையே மேடையில் தாங்களே நடித்துக் காட்டுவார்கள். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி நோட்டீஸைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுத தையல்காரம்மா உண்டு. ராத்திரி முழுக்கப் போர்வையை உதைத்து உதைத்துக் கணவருக்கு நிமோனியா வரவைத்தவர் உண்டு. ஒத்திகையில் பாதி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில்தான் கிடப்பார்களாம்.

நாடகத்துக்குப் பேர் வைத்ததில்தான் வந்தது வினை. மாதவிலக்கை நாங்கள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பெரியம்மா வந்திருக்காங்க" என்போம். பள்ளிக்கூடத்துப் பெண்கள் வாயிலிருந்து பரவிய பட்டப்பேர் அது. அதனால் 'பெரியம்மா இனி வரமாட்டாங்க' என்று தலைப்புப் போட்டு, அக்காவின் முகத்தைப் பெரிதாக அச்சடித்து, சந்தைத் தூணெல்லாம் ஒட்டிவிட்டார்கள்.

ஆனால் பாவ்சூ அக்காவுக்கு நிஜமாகவே ஒரு பெரியம்மா இருக்கிறார். ஆறு வயதில் அம்மா செத்துப்போனதும் அக்காவைத் தூக்கி வளர்த்தவர். எழுபத்தாறு வயதிலும் தினமும் காலையில் கடைக்கு வந்து, முள்ளங்கிக் கேக் தின்றுகொண்டே சாஸ் தண்ணியாக இருக்கிறது என்று குறை சொல்வார். பள்ளிக்கூடத்துச் சீனம் அல்ல, பழைய தைவானிய மொழி பேசுகிறவர். அந்தப் பட்டப்பேர் அவர் காதில் விழுந்ததே இல்லை. ஒரு நாள் கீரை வாங்கப் போன இடத்தில் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். தான் வளர்த்த பெண்ணின் முகம், கீழே, பெரியம்மா இனி வரமாட்டார் என்ற செய்தி. அன்றோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அக்காவுக்குக் காரணம் புரியவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. கதவைத் தட்டினால், உடம்பு சரியில்லை, போ என்று உள்ளேயிருந்தே பதில். காலையில் பெரியம்மா உட்காரும் ஸ்டூல் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நாலு ரொட்டியைக் கருக்கினாராம்.

சனிக்கிழமை நல்ல மழை. திரை இடுக்கில் அக்கா எட்டிப் பார்த்தால், முதல் வரிசையில் பெரியம்மா. கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டு, முழங்கால்களுக்கு நடுவே குடை. வந்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில் அக்கா மேடைக்கு ஓடிப்போய் முதல் வசனத்தைப் பேசினார்.

"பெரியம்மா இந்தப் பக்கம் எட்டிப் பாத்து ஒரு வருஷமாச்சு. சத்தியமா சொல்றேன், வீடே நிம்மதியா இருக்கு."

பெரியம்மா எழுந்துவிட்டார். "ஒரு வருஷமா? போன வாரம் வரைக்கும் உன் கடையிலதானேடி தின்னேன். அதுக்கு ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டணுமா? எங்கிட்டயே சொல்லியிருந்தா நானே வராம நின்னிருப்பேன்."

கூட்டம் அதையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. பெரியம்மா குடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். "அந்தக் கதவத் தாண்டிட்டாங்கன்னா அவ்ளோதான், சாகுற வரைக்கும் என் கடைப் படி ஏற மாட்டாங்க. எனக்கு அவங்க பிடிவாதம் தெரியும்" என்றார் அக்கா என்னிடம்.

விளக்கிச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதே கிடையாது. அக்காவுக்குப் பதின்மூன்று வயதில் முதல்முறை வந்தபோதுகூடப் பெரியம்மா ஒரு பொட்டலத்தைத் தலையணை மேல் வைத்துவிட்டு, பேசாமல் சந்தைக்குப் போய்விட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, மைக்கில், பழைய தைவானியப் பேச்சிலேயே கத்திவிட்டார்.

"மாதவிலக்கு, பெரியம்மா. அதத்தான் இவளுங்க பெரியம்மான்னு சொல்றாளுங்க. எனக்கு அது நின்னுபோச்சு. நீ வராம நிக்காத."

கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள் வரைக்கும் கேட்டிருக்கிறது. பெரியம்மா மெல்லத் திரும்பினார்.

"அதுக்கு வைக்க வேற பேரே கிடைக்கலையா?"

அவ்வளவுதான், கூடம் வெடித்துவிட்டது. பெரியம்மா சிரிக்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு நேராக மேடைக்கு வந்து ஏறினார். தனக்கு நாற்பத்தெட்டில் நின்றது என்றார். குழந்தையே இல்லாதவர் ஆதலால், பிள்ளை உண்டாகிவிட்டது என்று நினைத்துக் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஆனந்தத்தில் அன்றே கோழியும் இஞ்சியும் வாங்கிவந்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற நல்லெண்ணெய்க் கோழியை முன்கூட்டியே சமைத்துப்போட ஆரம்பித்துவிட்டார், தினமும்.

"ஏற்கெனவே உள்ள அடுப்பு எரியுது. அதுல இந்த மனுஷன் எண்ணெய ஊத்துறாரு. மாடியில போய் மழையில நின்னேன். பிள்ளைக்கு ஆகாதுன்னு குடை புடிச்சுட்டு வந்து பக்கத்துல நிக்கிறாரு."

மூன்றாவது வரிசையில் இருந்த எனக்குச் சிரிப்பில் மூச்சே நின்றுவிட்டது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு அவர் சொன்னார்: "டாக்டர் இல்லன்னு சொல்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ரொம்ப சந்தோஷமா இருந்தோம். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

அக்கா போய்ப் பெரியம்மாவின் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டார். மேடை விளக்கில் அவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

வருகிற சனிக்கிழமை மதியம் அதே மாடியில் மறுபடி போடுகிறார்கள். பெரியம்மாவும் நடிக்கிறார். ஆனால் அவர் ஒத்திகைக்கு வர மறுக்கிறாராம், எப்போது எழுந்து என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. தயவுசெய்து போங்கள். அம்மாவைக் கூட்டிப்போங்கள், அப்பாவை விடாமல் இழுத்துப்போங்கள். போக முடியாதவர்கள் இதைக் குடும்பத்தின் போன் அரட்டைக் குழுவிலாவது போட்டுவிடுங்கள், யாராவது ஒரு சித்தி தன் கதையைப் பதிலாக எழுதுவார்.