எழுத்தாளர் அறையின் விறாந்தை

புருஷன் செத்த தந்தி கிடைத்த மறுநாளே மேரிஜோசப்பின் கரம்பொன்னிலிருந்து புறப்பட்டுவிட்டாள். காவலூர்த் துறையில் வள்ளம் ஏறி, யாழ்ப்பாணத்தில் ரயில் பிடித்து, விடியக் கொழும்பில் இறங்கினாள். ஸ்டேஷனுக்கு வந்திருந்த இளையதம்பி அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பக்கத்துத் தீவின் மடத்துவெளிக்காரன், அவள் புருஷன் சவிரிமுத்து அறைவேலை பார்த்த கடற்கரை ஹோட்டலில் சமையலாள்.

"நேற்றே அடக்கம் செய்துபோட்டினம், அக்கா. வைச்சிருக்க ஏலாதெண்டிட்டினம்."

சேமக்காலைக்குப் போய்ப் புதைகுழியின் புதுமண்ணில் முழந்தாளிட்டாள். செபமாலை பாதியில் நின்றுவிட்டது.

அன்று தங்க அவளுக்கு மேல்மாடியிலிருந்த 'எழுத்தாளர் அறை'யைக் கொடுக்கும்படி ஹோட்டலை நடத்திய வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். முன்னொரு காலம் வெள்ளைக்கார எழுத்தாளர் ஒருவர் மாதக்கணக்காக அங்கே இருந்து நாவல் எழுதினாராம். மேசை, கதிரை, மைக்கூடு எல்லாம் அவர் விட்டபடியே இருக்கவேண்டும் என்பது ஹோட்டலின் கட்டளை. கப்பலில் வருகிறவர்கள் அதைப் பார்க்கவென்றே வருவார்கள்.

"எனக்கேன் தம்பி இவ்வளவு பெரிய அறை?"

இளையதம்பி கதவைச் சாத்தினான். "இந்த விறாந்தையிலையிருந்துதான் அண்ணை விழுந்தவர். கிராதி மரம் உக்கிப்போச்செண்டு எத்தினை தரம் சொன்னவர். எழுத்தாளர் சாய்ஞ்சு நிண்டு சுருட்டுக் குடிச்ச கிராதியாம், தொடக்கூடாதெண்டார் துரை. இப்ப உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பப் பாக்கிறார்."

அவள் கட்டிலைத் தொடவில்லை. விறாந்தைக் கதவையும் திறக்கவில்லை. வெறும் நிலத்தில் கிடந்தாள்.

காலையில் துரை ஒரு வெள்ளைக்காரச் சோடியுடன் வந்தார். மூலையில் நின்றவளை அவர்கள் கவனிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு விறாந்தைக்குப் போன துரைசானி சிரித்தபடி கிராதியில் சாயப் போனாள். மேரிஜோசப்பின் பாய்ந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். துரைசானி வீரிட்டாள். துரையின் முகம் சிவந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த இளையதம்பியிடம் அவர் விறுவிறென்று ஏதோ சொன்னார்.

"பயப்பட வேண்டாமாம், அக்கா. முந்தநாளே தச்சன் வந்து புது மரம் போட்டிட்டானாம். பழைய நிறமே பூசியிருக்காம்."

அவள் பிடியை விட்டாள். பூச்சு மணம் இன்னும் போகவில்லை.

"ஒரு நாள் வேலையோ இது? முந்தியே ஏன் மாத்தேல்லையெண்டு அவரிட்டைக் கேளும், தம்பி."

இளையதம்பிக்கு ஊரில் தாயும் கலியாணமாகாத மூன்று தங்கச்சிமாரும் இருந்தார்கள். அவன் துரையைப் பார்த்து இங்கிலீசில் இரண்டு சொல் சொன்னான். துரை திருப்தியோடு தலையசைத்தார். அவள் கேட்டதை அல்ல, நன்றிதான் சொல்லியிருப்பான் என்பது அந்தத் தலையசைப்பிலேயே அவளுக்கு விளங்கியது.

இளையதம்பி அவளோடு ஸ்டேஷன் வரை வந்தான். ரயில் அசையும்போது, "குறை நினைக்காதேங்கோ, அக்கா," என்றான்.

"நீர் என்ன செய்வீர்," என்றாள். அவனைப் பார்க்கவில்லை.

ஊரில் அவள் கன்னியர் மடத்துத் துணி தோய்த்துப் பிள்ளைகளை வளர்த்தாள். ஜேர்மன்காரனோடு சண்டை தொடங்கிய வருஷம், மூத்தவனுக்கு அதே ஹோட்டலில் வேலை இருப்பதாக ஆள் வந்தது. தகப்பன் பார்த்த வேலை, கையோடு சம்பளம் என்றார்கள். அவள் அவனைத் தன் தமையனுடன் மீன்பிடிக்கக் கடலுக்கு அனுப்பினாள். விசர்ச்சி, புத்தி கெட்டவள் என்று ஊர் சொன்னது. அவள் ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை.