சரியான நோ

பெரியப்பா கதிரையில் இருக்கிற விதத்தை என்னால் பார்க்க முடியாது. நீலப் பிளாஸ்ரிக் கதிரை. வலப்பக்கத்தைத் தூக்கி, இடப்பக்கம் சரிந்து, ஒரு கையைப் பிடியில் ஊன்றிப் பாதி உடம்பால்தான் இருப்பார். துணுக்காயில் தன் வயலைத் தனியாளாக விதைத்து வெட்டிய மனுசன். இப்போது ஒரு வரம்பு நீளம் நடந்தாலே இரண்டு தரம் நிற்கிறார்.

அவரை ஒப்பரேசனுக்குச் சம்மதிக்க வைத்தவள் நான்தான். நான் தாதி. எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது குடலிறக்கத்துக்குப் புதுமுறை ஒன்று வந்திருந்தது. பெரிதாகக் கீறாமல், சிறு துளைகள் போட்டு உள்ளே வலை பொருத்துவது. பெரிய டொக்டருக்கு அதில் வலு புழுகம், சொல்லிச் சொல்லி மகிழ்வார். எனக்கும்தான். “சின்னத் துளைதான் பெரியப்பா, காலபோக விதைப்புக்கு முதல் வயலுக்கு இறங்கிடுவியள்” என்றேன். “நீ சொன்னாச் சரி பிள்ளை” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

புதுமுறை பாதுகாப்பானதா, பழையதைவிட நல்லதா என்று அறிய, ஒப்பரேசன் முடிந்து ஆறு மாதம் கழித்து நோயாளர் எல்லாரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். கேட்க வந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். தங்கமான பிள்ளை, ஆனால் தமிழில் ‘வணக்கம்’, ‘சரி’ இரண்டும்தான் தெரியும். படிவம் முழுக்க ஆங்கிலம். மொழிபெயர்க்க வேண்டியவள் நான். பெரியப்பாவின் முறை வந்தபோது வார்ட்டில் யாருக்கோ சேலைன் கழன்று இரத்தம் வடிய, ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவரே வடிவாகப் பதில் சொல்லிவிட்டார் என்று டொக்டர் சிரித்தார். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில், வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன்.

வாசித்தது பிறகுதான், முடிவுகள் மேலிடத்துக்குப் போனபின். நடக்கும்போது வலியா? இல்லை. குனியும்போது? இல்லை. பாரம் தூக்கும்போது? இல்லை. கடைசி ‘இல்லை’க்குக் கீழே அழுத்திக் கோடும் இழுத்திருந்தது. பெரியப்பாவிடம் ஓடிப்போய், என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அவா அந்த இடத்தைத் தொட்டு, நடந்து குனிஞ்சு காட்டிக் கேட்டா. நோ எண்டன். பிறகு பாரம் தூக்கிற மாதிரிக் காட்டியும் கேட்டா. நோ பிள்ளை, சரியான நோ எண்டன்.”

ஐயோ! எங்களுக்கு நோ என்றால் வலி, சரியான நோ என்றால் கடும் வலி. அந்தப் பிள்ளைக்கு நோ என்றால் இல்லை. ‘சரியான’ என்பதில் அவருக்குத் தெரிந்த ‘சரி’யும் இருந்தது. கோடு இழுக்காமல் வேறென்ன செய்வார்?

படிவத்தோடு பெரிய டொக்டரிடம் போனேன். “எல்லாம் அனுப்பியாச்சு மிஸி. ஒரு ஆளால என்ன மாறப்போகுது?” என்றார்.

“ஒரு ஆளில்லை டொக்டர். இஞ்ச ஆருக்கு நொந்தாலும் நோ எண்டுதான் சொல்லுவினம்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வார்ட்டுக்கு ஓடிய நாட்கள் ஒன்றிரண்டல்ல. படிவக் கட்டைப் புரட்டினால் தாளுக்குத் தாள் அதே ‘இல்லை’, அடியில் என் கையெழுத்து. எது இல்லை, எது வலி? திரும்பக் கூப்பிட்டுக் கேட்போம் என்று கெஞ்சினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. புதுமுறை நல்லதென்று முடிவாகி, இன்றைக்கும் நடக்கிறது.

போன கிழமை பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். வயலை வேறு ஆள் செய்கிறார். படிவத்தில் என்ன இருந்தது என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. அதே நீலக் கதிரையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருபக்கம் அரக்கிச் சரிந்து இருந்தார்.

“அந்த டொக்டர்ப் பிள்ளை சுகமா இருக்கிறாவோ?” என்று கேட்டார். “நல்ல பிள்ளை. நான் சொன்னதை அப்பிடியே எழுதினவா.”