முதலில் சிரிக்கக் கூடாது

மைசூரில் நான் சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், சனிக்கிழமை பயிற்சி என்றால் பாதி பயிற்சி, பாதி கும்மாளம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தொண்டு நிறுவனம் என்று ஆளுக்கொரு இடத்தில் வேலை பார்த்த நாங்கள், மாதம் ஒரு சனிக்கிழமை சாமராஜபுரத்தில் ஒரு பழைய வீட்டு மாடியில் கூடுவோம். ஒருவர் புதிதாகப் படித்ததைச் சொல்வார். இன்னொருவர் அந்த மாதம் சொதப்பியதைச் சொல்வார். சொதப்பலைக் கேட்கத்தான் எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வோம்.

அங்கே நாங்களாகக் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நம்மிடம் உதவிக்கு வந்தவரைக் கடையிலோ பஸ்ஸிலோ பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக் கூடாது. சிரிக்கவும் கூடாது. பக்கத்தில் நிற்பவர் “யாரு இவங்க?” என்று கேட்டுவிட்டால் பாவம், அவர் எதைச் சொல்வார்? அவராகச் சிரித்தால் நாமும் சிரிக்கலாம், அவ்வளவுதான். இதைப் பழகுவதற்காக ஒருவர் பணியாளராகவும் இன்னொருவர் உதவிக்கு வந்தவராகவும் நடித்து, வராந்தாவில் எதிரெதிரே நடப்போம். பணியாளர் முதலில் சிரித்துவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் அவர் செலவில் மசால் தோசை.

நான் தமிழ்நாட்டில் ராமாபுரம் என்ற கிராமத்துக்காரி. எங்கள் பக்கத்தில் எதிரே வருகிறவரைச் “சாப்பிட்டாச்சுங்களா?” என்று கேட்காமல் தாண்டிப் போனால், இரண்டு வீட்டுக்கும் சண்டை என்று ஊரே முடிவு கட்டிவிடும். எவ்வளவுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாலும் பாதி வராந்தாவில் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கன்னடத் தோழிகள் என்னைக் கண்டாலே “ஊட்டா ஆய்த்தா?” என்று அதே கேள்வியைக் கன்னடத்தில் ராகம் போட்டுக் கேலி செய்வார்கள். அவர்கள் தின்ற தோசையெல்லாம் என் தயவு.

அந்தக் காலத்தில்தான் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்குப் போக ஆரம்பித்தேன். வேலைக்காரர்களுக்கு ஓரமாகத் தகரக் கொட்டகைகள். அதில் ஒன்றில் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவளுடைய சின்ன மகளும். சாரம் சரிந்து புருஷன் செத்துப் போய்விட்டான். அதைக் கண்ணெதிரே பார்த்த மகள் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காதிலும் குறையில்லை, தொண்டையிலும் குறையில்லை. பேசும்போது பேசட்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும் என்றார்.

அதனால் வாரா வாரம் போய் அவளோடு மணல் குவியலில் உட்கார்ந்தேன். ஜல்லிக் கற்களைக் கோபுரமாக அடுக்குவோம். வளவளவென்று பேசுவது என் வேலை. அவள் வாயே திறக்க மாட்டாள். அவள் கோபுரம் நிற்கும், என்னுடையது சரியும். சரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே அதை எடுத்து அடுக்கிக் கொடுப்பாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் யோசிப்பேன்.

ஒரு நாள் போனால் கொட்டகையே இல்லை. கட்டடம் முடிந்து, மேஸ்திரி ஆட்களை வேறு ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார் என்றார் காவலாளி. எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை மாடியில் இதைச் சொன்னபோது யாரும் கேலி செய்யவில்லை. அன்றைக்கும் வராந்தாவில் தோற்றேன். ஆனால் தோசைக்கு வேறு யாரோ காசு கொடுத்திருந்தார்கள்.

சில வருஷம் கழித்து, தேவராஜ மார்க்கெட் பூக்கடை வரிசையில் அந்தக் குழந்தையின் அம்மாவைப் பார்த்தேன். கூட இன்னொரு பெண் நின்றிருந்தாள். மகளைக் காணோம். அந்த அம்மா என்னை நேராகப் பார்த்தாள். பேசினாளா, உன் பெண் பேசினாளா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளும் சிரிக்கவில்லை. பூவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். விளையாட்டில் நான் முதன்முதலாக ஜெயித்தது அன்றைக்குத்தான். வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதேன்.

அந்த மாடி வீடு இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பயிற்சியெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது. சின்னச் சின்னக் கட்டத்துக்குள் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். பாடமெல்லாம் நன்றாகத்தான் சொல்லித் தருகிறார்கள். சிரிப்புச் சத்தம்தான் கேட்பதில்லை. அந்த வராந்தாவுக்காக மனசு ஏங்குகிறது.

இந்த வருஷம் சமூகப் பணியாளர்களைக் கௌரவிக்கிறோம் என்று எங்கள் பேட்டைச் சங்கத்தார் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சால்வை, பழத்தட்டு, தலைக்கு மைசூர் பேட்டா. அந்தத் தலைப்பாகை என் மூக்குவரை இறங்கிவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி பேசினேன். வராந்தா விளையாட்டைச் சொன்னேன். “ரோட்டுல நாங்க சிரிக்காமப் போனா திமிர்னு நெனைச்சுக்காதீங்க. நீங்க சிரிப்பீங்களான்னு பாத்துட்டுத்தான் போறோம்” என்றேன்.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நரை விழுந்திருந்தது. ஆனாலும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. என் கை பேட்டாவிலேயே நின்றுவிட்டது.

“கேள்வி இல்லீங்க. ஒருத்தங்க மார்க்கெட்டுல என்னையப் பாத்துட்டு ஒண்ணுமே பேசாம நின்னுட்டாங்க. மறந்துட்டாங்கன்னு நெனைச்சேன். இத்தனை வருசமா மனசுல வெச்சுட்டு இருந்தேன். இப்பத்தான் விசயம் புரிஞ்சுச்சு.”

யாரைச் சொல்கிறாள் என்று கூட்டத்துக்குத் தெரியாது. நானும் ஊரார் முன்னால் காட்டிக்கொள்ள முடியாது. “அவங்களும் மறந்திருக்க மாட்டாங்கம்மா” என்று மட்டும் சொன்னேன்.

கூட்டம் முடிந்து, கேசரிபாத்துக்கு எல்லோரும் வரிசையில் நின்றபோது நான் சுவரோரமாகக் காத்திருந்தேன். வந்தாள். எதிரே நின்றாள். முதலில் அவள் சிரித்தாள். அப்புறம் நான் சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்து நம்பரைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினாள்.

“யம்மா, எங்க போய்த் தொலைஞ்ச? எத்தனை தடவ கூப்புடறது? போனு எதுக்கு வெச்சிருக்கற?” என்று பொரிந்து தள்ளியது ஒரு குரல். கணீரென்ற குரல்.

“கத்தாதடி. சின்ன வயசுல உங்கூட ஜல்லி அடுக்குவாங்கல்ல, அந்தக்கா பக்கத்துல நிக்கறாங்க.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மணலில் உட்கார்ந்து கேட்ட அதே மௌனம்.

“அக்கா,” என்றது குரல், “உங்களுக்குக் கல்லு அடுக்கவே தெரியாதுங்கக்கா. அப்பவே சொல்லோணும்னு இருந்தேன்.”