காஜாக்காவின் இரண்டாவது சாட்சி

கடைத்தெருவில் அவளைக் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் கடையில் சட்டைகளுக்குக் கையால் காஜா எடுப்பது அவள் வேலை. பொத்தான் நுழையும் துளையை வெட்டி, ஓரம் பிரியாமல் நூலால் நெருக்கித் தைக்க வேண்டும். புருஷன் இறந்த வருஷம் பிடித்த ஊசியை, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவள் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு காஜாவுக்கும் உதட்டுக்குள் ஒரு ஜெபம் ஓடும்.

"இந்தச் சட்டையைப் போட்டவன் பொய் சொன்னா கழுத்துப் பொத்தான் நெரிச்சிடும்" என்பார் கடைக்காரர் மாஸ்டர்.

மார்பில் கட்டி வந்து, ஆபரேஷனும் மருந்தும் முடிந்து, கொட்டிய முடி திரும்ப முளைத்ததும் அவள் சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். "ஆண்டவர் என்னைச் சுகமாக்கிட்டார்." கைதட்டலில் கூரை பறந்துவிடும்போல் இருந்தது. அதன் பிறகு எந்த வீட்டில் நோயாளி இருந்தாலும் அவளைத்தான் ஜெபத்துக்கு அழைத்துப் போனார்கள்.

இப்போது அக்குளில் இன்னொரு கட்டி. டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "திரும்ப வந்திருக்கும்மா" என்றார். அதை மகளிடம்கூட அவள் சொல்லவில்லை. ஊசியை இழுக்கும்போதெல்லாம் கை வலித்தது. உதடு அசைய மறுத்தது. எத்தனையோ வருஷம் தானாக வந்த ஜெபம், கூப்பிட்டாலும் வரவில்லை.

மாஸ்டர் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தார். "என்னக்கா, காஜா கண்ணடிக்குது?"

"அதுக்காவது அந்த வயசு இருக்கட்டும் மாஸ்டர்."

அவர் சிரித்தார். அவள் கோணிய தையலைப் பிரித்தாள்.

அந்த வாரமே பக்கத்துக் கடையில் துணி தேய்ப்பவள் வந்து காலடியில் உட்கார்ந்தாள். அவள் புருஷனுக்கு வயிற்றில் கட்டி.

"திங்கட்கிழமை ஆபரேஷன்னாங்கக்கா. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்டி?"

"உங்களுக்குச் செஞ்சவர் எங்களுக்குச் செய்யமாட்டாரா?"

"என்னையும்தான்டி அறுத்தாங்க."

"அது சும்மாக்கா. ஜெபம்தான் காப்பாத்துச்சுன்னு சபையே சொல்லுது. உங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

காஜாக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். கட்டி திரும்ப வந்ததைச் சொன்னால் இவள் நொறுங்கிப்போவாள். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் காஜாக்காவின் சாட்சியை நம்பியே செத்துப்போவான்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் கேட்டார்: "சாட்சி சொல்றவங்க யாராவது இருக்கீங்களா?"

காஜாக்கா எழுந்து முன்னால் போனாள். போதகர் மலர்ந்த முகத்தோடு மைக்கைக் கொடுத்தார்.

"போன தடவை இங்கேதான் நின்னு சுகமாயிட்டேன்னு சொன்னேன். அது திரும்ப வந்துடுச்சு."

"அல்லேலூயா!" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர், பழக்கதோஷத்தில்.

"அதுக்குமா அல்லேலூயா, அண்ணே?"

ஓரிருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆண்டவர்மேல எனக்குக் கோபம். கொஞ்ச நாளா அவரோட பேசறதையே நிறுத்திட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தேன். அவர் இருக்காருன்னு நம்பலைன்னா இந்தக் கோபம் யார்மேல வருது? அதனால அவரை விட்டுப் போகலை. சண்டை போட்டுக்கிட்டு இங்கேயேதான் இருக்கேன்." மூச்சு வாங்கியது. "இன்னொண்ணு. என்னைக் காட்டி யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துடாதீங்க. நான் போனேன். இனியும் போவேன்."

போதகர் மைக்கை வாங்கிக்கொண்டு அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "விசுவாசம் பத்தலை போல" என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தது காஜாக்காவின் காதில் விழுந்தது.

வாசலில் துணி தேய்ப்பவள் நின்றிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஏமாத்திட்டீங்களேக்கா."

காஜாக்கா கையைப் பிடிக்கப் போனாள். அவள் உதறிவிட்டு நடந்தாள்.

திங்கட்கிழமை காலை தேய்ப்புக் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது.

"எங்க மாஸ்டர் இவளைக் காணோம்?"

"புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. இன்னைக்கு ஆபரேஷனாம்." மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னா."

காஜாக்கா ஊசியில் நூல் கோத்தாள். முதல் இழுப்பிலேயே தோள்வரை சுரீரென்றது. கையைத் தாழ்த்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி இழுத்தாள். உதடு அசைந்தது.

"அந்த ஆளை முதல்ல பாருங்க. நம்ம சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்."