ஒன்றாகிப் போன அளவுகள்

ஸ்பிரிட் வாசனை பட்டாலே எனக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிடும். போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். பஞ்சால் விரலைத் துடைத்த பெண், நான் கையைப் பின்னுக்கு இழுத்ததைப் பார்த்து, "இந்த வயசுலயும் ஊசிக்குப் பயமாம்மா?" என்று சிரித்தாள். பயம் ஊசிக்கு இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்ல?

என் முதல் வேலை பெரம்பலூரில், ஒரு கணக்கெடுப்பு ஆபீஸில். நாற்காலியெல்லாம் மூட்டைப்பூச்சி, டீ மட்டும் பிரமாதம். நானும் உடன் வேலை பார்த்த பர்வீனும் செட்டிகுளம், விக்கிரமங்கலம் என்று பஸ்ஸில் அலைந்து, கர்ப்பிணிகளின் விரலில் குத்தி, ஹீமோகுளோபின் அளவை அங்கேயே லேப்டாப்பில் ஏற்றிவிடுவோம். புள்ளியியல் மென்பொருளில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எதை அழுத்தினால் வண்ணப்படம் வரும் என்பதுதான்.

ஒரு மதியம் பர்வீன் அலறினாள். "யா அல்லா! எல்லாம் ஒண்ணும் ரெண்டுமா மாறிடுச்சுக்கா!"

ரத்தம் குறைவென்றால் ஒன்று, போதுமென்றால் இரண்டு எனப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். பர்வீன் அதைப் புதிய நெடுவரிசையில் எழுதாமல், அளவுகளின் மேலேயே எழுதிச் சேமித்துவிட்டாள். மூலக் கோப்பைப் பூட்டி வைக்க எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. வேறு பிரதியும் கிடையாது. 'ஒன்று' என்று நின்றவர்களில் யாருக்குக் கொஞ்சம் குறைவு, யாருக்கு உயிராபத்து? திரை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியவர்களை அழிந்துபோன அந்த அளவுகளை வைத்துத்தான் பிரிக்க இருந்தோம்.

"ஒருத்தங்க மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சுக்கா. எந்த ஊருன்னு ஞாபகம் வரலியே" என்று அழுதாள்.

வேன் பிடித்து வீடு வீடாகப் போய் மறுபடி குத்தினோம். விக்கிரமங்கலத்தில் ராணி என்ற பெண் சுவரைப் பிடித்தபடி வந்தாள். "நேத்துதானே குத்துனீங்க, இன்னும் ரத்தத்துக்கு எங்க போவேன்?" கருவி காட்டியது உயிராபத்தான அளவு; வேனைக் கிளப்பச் சொல்லிக் கத்தினேன். பர்வீன் அவளைத் தாங்கிப் பிடித்து வேனில் ஏற்றினாள். அரியலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பூலாம்பாடியில் ஒரு கர்ப்பிணியின் வீடு பூட்டியிருந்தது. "செங்கல் சூளை வேல முடிஞ்சுதுன்னு காலையிலதான் குடும்பமா கெளம்பிட்டாங்க. எந்த ஊருன்னு தெரியலீங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பல நாள் விசாரித்தோம், தகவலே இல்லை.

அந்த ஆபீஸ் இப்போது செல்போன் கடை. பர்வீன் துபாயில். நான் எந்தக் கோப்பையும் பிரதியெடுத்துப் பூட்டாமல் தொடுவதில்லை. பூலாம்பாடிப் பெண்ணின் பெயர் மகேஸ்வரி. அவள் விரலில் துளிர்த்த ரத்தத்துக்கு ஓர் அளவு இருந்தது. அது என்னவென்று இனி யாருக்கும் தெரியாது.