தோளில் கிடந்த துண்டு

ஹுயெனுக்கு வாய் நீளம். அதை அவளே மறுக்கமாட்டாள். தோங் தாப் மாகாணத்தில் அவர்கள் கால்வாயின் எந்தக் கரையில் விசாரித்தாலும், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருவராவது அகப்படுவார். புருஷன் கியெத் மட்டும் அவள் கத்தக் கத்த ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கால்வாயைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கூட்டும். தான் பேசுவதில் ஒரு சொல்லாவது இந்த மனுஷனுக்குள் இறங்குகிறதா, இல்லை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுகிறானா என்பது இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று அவளுடைய அப்பாவின் நினைவு நாள். அண்ணன் வீட்டில் படையல். போன வருஷமும் கியெத் வரவில்லை. இந்த வருஷம் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தவன், விடிந்ததும் வயலைப் பார்த்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தான்.

"நெல்லுல புகையான் பூச்சி எறங்கிருச்சி. இன்னிக்கே மருந்தடிக்கலன்னா அறுக்க வைக்கோல்தான் மிஞ்சும்."

"அப்போ புகையான் கூடயே குடும்பம் நடத்துங்க. வீட்டுக்கு வரவே வேணாம். உங்க மூஞ்சியில முழிக்கவே எனக்குப் புடிக்கல."

கியெத் வழக்கம்போல ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். கால்வாய்த் தண்ணீரை முகந்து முதுகில் மாட்டும் மருந்து டேங்கில் ஊற்றுவது அவள் வேலை. மருந்து கலப்பதும் அடிப்பதும் அவன் வேலை. சண்டைக்காக எந்த வேலையும் நின்றதில்லை. தோளில் கட்டம் போட்ட துண்டோடு அவள் மடமடவென்று தண்ணீரை ஊற்றினாள், வாளியை விட்டெறிந்தாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் படகில் ஏறிப் போய்விட்டாள்.

படையலில் ஊதுவத்தி அணைவதற்குள் பக்கத்து வயல்காரர் துங் போன் செய்தார். கியெத் வரப்பில் விழுந்து கிடந்தானாம். வட்டார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் கிடந்தது தன் புருஷன்தானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. உடம்பிலுள்ள குழாய்களை எல்லாம் யாரோ ஒரேயடியாகத் திறந்துவிட்டது போல இருந்தான். வாயில் நுரை, கண்ணில் நீர், உடம்பெல்லாம் வேர்வை, கால்சட்டை நனைந்திருந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம். கண்மணி எள்ளளவுக்குச் சுருங்கியிருந்தது. தோலுக்கு அடியில் சதை தன்பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருந்தது.

"மருந்து அடிச்சாரா, குடிச்சாரா?" என்று டாக்டர் கேட்டார். அந்த வார்டில் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். "வீட்ல எதாவது சண்டையா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஹுயெனுக்கு வாய் திறக்கவில்லை. அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்த மாமியார் அதைக் கவனித்தாள்.

"எம்புள்ளைய என்னடி சொன்ன நீ?"

சொன்னதை எப்படித் திருப்பிச் சொல்வது? வீட்டுக்கு வராதே என்றாள். அவன் வராமலே போகப் பார்க்கிறான்.

அவனைக் கழுவித் துடைத்தார்கள். ஊசி மேல் ஊசியாக அட்ரோபின் போட்டார்கள். நெஞ்சில் கொப்பளிப்பு அடங்கியது. பிழைத்துவிடுவான் என்று டாக்டர் சொன்னார். ஹுயெனும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவன் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

மறுநாள் எல்லாம் தலைகீழாக இருந்தது. நேற்று ஊற்றெடுத்த உடம்பில் இன்று ஒரு சொட்டு ஈரம் கிடையாது. முகம் செக்கச்செவேலென்று, நாக்கு மரக்கட்டையாக, எள்ளளவு இருந்த கண்மணி நாவல்பழமாக விரிந்து கிடந்தது. கியெத் எழுந்து உட்கார்ந்து காற்றிலிருந்து நூல் நூலாக எதையோ பிரித்தெடுத்துக் கொண்டிருந்தான். கட்டிலுக்குக் கீழே வாத்து புகுந்துவிட்டது, விரட்டுங்கள் என்றான். ஹுயென் அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளை மரியாதையாகப் பார்த்தான்.

"நீங்க எந்த ஊரும்மா?"

அவள் கையை விட்டுவிட்டு ஓடினாள். நர்ஸ் துயெத்தைப் போய் இழுத்து வந்தாள்.

"நேத்து தண்ணியா ஊத்துச்சி, இன்னிக்கு ஒணந்து கெடக்காரு. நேத்து புத்தி இருந்துச்சி, பேச்சு இல்ல. இன்னிக்குப் பேச்சு இருக்கு, புத்தி இல்ல. இதுல எதும்மா வெஷம், எது மருந்து?"

துயெத் சளைக்காத பெண். நாடியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "நரம்பு சேதி அனுப்பும்க்கா. எச்சிலே ஊறு, குடலே நகரு, சதையே இழுன்னு. சேதி போய்ச் சேந்ததும் அதத் தொடச்சிப் போட உள்ள ஒரு ஆள் இருக்கு. பூச்சிமருந்து அந்த ஆளக் கட்டிப் போட்டுருது. அதனால ஒரே சேதி நிறுத்தாம கத்திக்கிட்டே இருக்கு. வயல்ல புகையான் சாவறதும் இப்பிடித்தான்."

"அப்போ அந்த ஆள அவுத்து விட வேண்டியதுதான?"

"அதுக்கும் ஊசி போட்டிருக்கு. அது மெதுவாத்தான் ஆகும். அதுவரைக்கும் அட்ரோபின் போயி, சேதி கேக்குற காதப் பொத்திக்கும். நெஞ்சு காயற வரைக்கும் குடுத்தே ஆகணும். கூடிப்போனா மூளையில இருக்கற காதயும் சேத்துப் பொத்திரும். அதான் இந்த ஒளறல். டாக்டர் கொறைக்கச் சொல்லிட்டாரு, சரியாயிரும்."

"கையில சதை இன்னும் துடிக்குதே?"

"அது வேற மாதிரிக் காதுக்கா. அட்ரோபினுக்கு அது பிடிபடாது."

ஹுயெனுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஒரு மனுஷனுக்குள் எத்தனை காது இருக்கும்? அதில் எந்தக் காதில் அவள் பேச்சு விழுந்தது?

அப்போதுதான் கியெத் அதைச் செய்தான். விரல்களைக் குவித்து எதையோ பிடித்தது போல வாய்க்குக் கொண்டுபோனான். இறக்கினான். மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனான்.

"பாத்துக்க," என்றாள் மாமியார். குரலில் கோபம் கூட இல்லை. "குடிச்சதக் காட்டுறான். பாட்டில எப்பிடித் தூக்குனான்னு காட்டுறான்."

பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தி ஹுயெனைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

ஹுயென் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். தன் பேச்சு அவனுக்குள் இறங்க வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் கத்தினாள்? கடைசியில் இறங்கிவிட்டதா? அவன் ஒன்றையும் காதில் வாங்காதவனாகவே இருந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டாள்.

அழுகைக்கு நடுவிலும் கண் அவன் மேல்தான் இருந்தது. கை மறுபடி வாய்க்குப் போயிற்று. கன்னம் இரண்டும் உப்பின. குடிக்கிறவனுக்குக் கன்னம் எதற்கு உப்புகிறது? பிறகு தூவென்று துப்பினான். கையிலிருந்த இல்லாத பொருளைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். திருப்தி இல்லை. மறுபடி வாயில் வைத்து உறிஞ்சினான். இடது கை இடுப்போரமாக மேலும் கீழும் போய்வந்தது. டேங்கின் பம்புப் பிடி இருக்கிற இடம்.

"அம்மா, இவரு குடிக்கல. மருந்து பீச்சுற நாசில ஊதுறாரு."

மாமியார் எட்டிப் பார்த்தாள். அந்தக் கால்வாய் ஆண்கள் அத்தனை பேரும் நாசில் அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதுகிறவர்கள்தான். வேளாண் ஆபீஸிலிருந்து வந்து, மருந்து வாய்க்குள் போகும், வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவர்களிடம் தலையை ஆட்டிவிட்டு, அவர்கள் படகு திரும்புவதற்குள் ஊதியவர்கள். மாமியாரின் புருஷனும் சாகும்வரை அப்படித்தான் ஊதினார். அந்தக் கன்னத்தை அவளுக்குத் தெரியாதா? மகன் இன்னொரு முறை ஊதித் துப்புவதைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

ஆஸ்பத்திரி வாசலில் தர்மத்துக்கு ஊற்றுகிற கஞ்சியோடு திரும்பி வந்தாள். அதில் ஒரு உப்பு வாத்துமுட்டையை உடைத்துப் போட்டு, மஞ்சள் கரு முழுவதையும் மருமகள் பக்கம் தள்ளினாள்.

"தின்னு. நேத்துலருந்து ஒன்னும் உள்ள போகல உனக்கு."

ஹுயெனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவன் தன்னை விட்டுப் போகப் பார்க்கவில்லை. இரண்டு வாய் வேகமாகத் தின்றாள். மூன்றாவது வாய் எடுத்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

நாசில் ஏன் அடைத்துக்கொண்டது?

கால்வாய்த் தண்ணீரில் பாசியும் சருகும் இருக்கும். அதனால் டேங்கின் வாயில் துண்டை விரித்து வடிகட்டித்தான் ஊற்றுவாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பழக்கம். நேற்றுக் காலை துண்டு எங்கே இருந்தது? இதோ, இப்போது இருக்கிற இடத்தில்தான், அவள் தோளில். துண்டைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவின் படையல் ஊதுவத்தி வாசனைதான் இருந்தது. குற்றம் தன் தலையிலிருந்து இறங்கியதா, இல்லை வேறு வழியாக மறுபடி ஏறியதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மாமியார் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

மருந்தைக் குறைத்ததும் கியெத் நன்றாகத் தூங்கினான். விழித்தபோது வாத்துகள் போய்விட்டிருந்தன. கண்மணி இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. அவளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஹுயென்" என்றான்.

மாமியார் வெளியே போயிருந்தாள். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஹுயென் குனிந்தாள்.

"தண்ணிய நான் வடிகட்டலங்க."

"தெரியும்." காய்ந்த நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு மெல்லத்தான் வந்தது. "நீ ஊத்துறப்பவே பாத்தேன். துண்டு தோள்லயே கெடந்துச்சி."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"சொன்னா வடிகட்டுவ. கூடவே இன்னொரு சுத்து பேசுவ." உதட்டை நக்கப் பார்த்தான், ஈரம் இல்லை. "வீட்டுக்கு வராதீங்கன்னு சொன்னது ஒன்னே போதும்னு இருந்துச்சி."

ஹுயென் தோளிலிருந்து துண்டை எடுத்தாள். துண்டின் முனையைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டைத் துடைத்தாள்.