மக்காச்சோளத்தில் பூத்த சிவப்பு

போன வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டபோது நடந்தது இது. எங்கள் ஊர் பாகலூருக்குப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அங்கே வேகவைத்த அரிசியில் ஒரு வகைப் பூசணத்தை வளர்த்து, சாப்பிடும் பொருளுக்குப் போடுகிற சிவப்புச் சாயம் எடுக்கிறார்கள். சேர்ந்த புதிதில் அருவருத்துக்கொண்டிருந்தவர், லேபில் ஒரு சோதனையைப் பார்த்த பிறகு ஆளே மாறிவிட்டார். ஊதாத் தண்ணீரில் அந்தச் சாயத்தை விட்டார்களாம், ஊதா வெளுத்து மஞ்சளாகிவிட்டதாம். உடம்பைக் கெடுக்கிறதை அடக்கும் சக்தி அந்த நிறத்துக்கு உண்டு, அதற்கு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பேர் என்றார்களாம். அன்று முதல் வீட்டில் தினமும் அந்தப் புராணம்தான்.

அந்த மழையில் மாட்டுக்கு வாங்கி வைத்த மக்காச்சோளம் நனைந்து, மூட்டைக்குள் இளஞ்சிவப்பாகப் பூசணம் பிடித்தது. பசு அப்போது சினை. பல தடவை சினை ஊசி போட்டும் நிற்காமல், விற்றுவிடலாம் என்று நினைத்தபோது நின்ற சினை. அதனால் மூட்டையோடு கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டினேன்.

"ஏம்மே, இதே செவப்பத்தான் எங்க கம்பெனியில மருந்து மாதிரி விக்கிறாங்க. கொட்டிட்டியா?" என்றார்.

"கம்பெனியில வளத்தது அங்கயே இருக்கட்டும். இத மாடு மோந்துகூடப் பாக்க வாணாம்."

"பெரிய டாக்டரு இவ" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் களை எடுக்கப் போயிருந்தபோது மனுஷன் அதை அள்ளி வந்திருக்கிறார். கூட வேலை செய்கிறவர் வீட்டில் காயவைத்து, மெஷினில் அரைத்து, தவிட்டோடு கலந்துவிட்டார். மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணி காட்டுகிற வேலையை அவராகவே எடுத்துக்கொண்டபோது, பரவாயில்லையே, வீட்டு வேலைக்கும் கை கொடுக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். ஏமாளி நான்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் மாடு மாசம் நிறையாமலே கன்று வீசிவிட்டது. கிடாரிக் கன்று. உடம்பில் முடிகூட முளைக்கவில்லை. மாடு அதை நக்கிக்கொண்டே நின்றது.

மாட்டு டாக்டர் வந்து என்ன தீனி போட்டீர்கள் என்று கேட்டபோதுதான் இவர் உண்மையைச் சொல்லி, மிச்சமிருந்த மாவை எடுத்து வந்தார். அதைப் பார்த்ததும், இந்தப் பூசணம்தான் காரணமாக இருக்கும் என்றார். இவர் கம்பெனிக் கதையைச் சொன்னார்.

"அது அவங்க பாத்துப் பாத்து வளக்கறது. இது மழையில தானா வந்தது. ரெண்டும் செவப்பா இருந்தா ஒண்ணாயிடுமா?" என்றார் டாக்டர்.

"கன்னு நல்லா பொறக்கட்டும்னுதான் போட்டேன்" என்று இவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. அதற்குப் பிறகு மாடு சினை நிற்கவே இல்லை. கடைசியில் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிப் போனோம்.

லேபில் சொன்னது பொய்யாக இருக்காது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் கண்ணாடிக் குழாயைக் காட்டிச் சொன்னதை அப்படியே நம்பிய மனுஷனுக்கு, தினமும் அந்த மாட்டோடு கிடந்த என் பேச்சு ஒரு பேச்சாகவே படவில்லை. கன்று போனதைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.